கிணற்றுக்கும் பலாவுக்கும் இடையில்

தம்பி வீடு கட்டப்போகிறான் என்று கேட்டபோது எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம்தான்.

அப்போது காலை ஏழு மணி. ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் நானும் மகளும் இருக்கும் வீடு ஒன்பதாவது மாடியில். என் வேலை விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் தொழிற்சாலையில். பிற்பகல் ஷிப்ட் என்பதால் காலை நேரம் எனக்குச் சொந்தம். வன்னியில் அது பின்னேரம். தம்பி தோட்டத்தால் வந்து குளித்துவிட்டுத் தேத்தண்ணியோடு இருப்பான். ஞாயிறு தோறும் அந்த நேரத்தில்தான் அவனுக்குத் தொலைபேசி எடுப்பேன்.

"அக்கா, வீட்டுத் திட்டத்தில எங்கட பேர் வந்திட்டுது. தை பிறக்க அத்திவாரம் வெட்டுறம்," என்றான். "மலசலகூடக் குழி பலாவுக்குக் கிட்ட. கிண்டுற மெசின் ஒண்டு சொல்லியிருக்கிறன்."

"பலாவடியிலயோ? அங்க வேண்டாம்."

"ஏன்?"

"கிணறு பக்கத்தில எல்லே. தண்ணி பழுதாப்போகும்."

அவன் சிரித்தான். "மேசன் அளந்து பாத்தவர் அக்கா. அந்தத் தூரம் காணும். நீங்கள் இந்த வளவைப் பாத்து எத்தினை வருசம்!"

பின்னால் அவனுடைய சின்னவள் கோழியைத் துரத்தும் சத்தம் கேட்டது. பலாமரத்தில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டியிருப்பதாகப் படம் ஒன்று முன்பு அனுப்பியிருந்தான். அந்தப் படத்தைப் பெரிதாக்கி நான் பார்த்தது ஊஞ்சலை அல்ல, அதற்குக் கீழே இருந்த மண்ணை.

காரணத்தைத் தொலைபேசியில் சொல்ல முடியாது. எங்கள் பேச்சை யாராவது கேட்கிறார்களா என்று எங்களுக்குத் தெரியாது. ஒருவரும் கேட்காமலும் இருக்கலாம். ஆனால் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே பேசிப் பழகிவிட்டோம். சுகம் விசாரிப்போம், மழை விசாரிப்போம், யார் யாருக்குக் கல்யாணம் என்று பேசுவோம். மற்றதெல்லாம் இரண்டு பக்கமும் வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

நான் பார்த்தது இதுதான். இருபத்தைந்து வருசத்துக்கு முந்தி, சண்டை கிட்ட வந்து நாங்கள் அந்த வளவை விட்டு ஓடிய நாள் மாரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவும் தம்பியும் முதல் சுமையை உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பி வந்து என்னையும் அம்மாவையும் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா உள்ளே பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். பகல் ஒரு மணி இருக்கும். இரண்டு பேர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். இயக்கப் பெடியன்கள், என்னைவிட வயது குறைந்தவர்கள். ஒருவனின் இடது கையில் கட்டுப் போட்டிருந்தது. மண்வெட்டி இருக்கிறதா என்று கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன்.

கிணற்றுக்கும் பலாவுக்கும் இடையில் இடுப்பளவுக்குக் கிண்டினார்கள். கட்டுப் போட்டவன் ஒரு கையால் மண்ணைத் தள்ளினான். மூன்று நீலக் கலன்களை, பொலித்தீனால் சுற்றி, வாய்க்கு மெழுகு உருக்கி ஊற்றியவற்றை, ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினார்கள். இறக்கிய விதத்திலிருந்தே பாரம் தெரிந்தது. மண்ணைப் போட்டு மூடி, மேலே பலாச் சருகைப் பரவிவிட்டு, மண்வெட்டியைக் கிணற்றடியில் கழுவிச் சுவரில் சாத்தி வைத்தார்கள். அவ்வளவு மழையில் அதைக் கழுவித்தான் தர வேண்டும் என்று அவர்களுக்கு ஏன் தோன்றியதோ தெரியாது.

"அக்கா, நீங்கள் ஒண்டும் காணேல்லை," என்றான் கட்டுப் போட்டவன்.

"ஓம்," என்றேன்.

அந்த ஓமை நான் காப்பாற்றினேன். அகதி முகாமில் ஆமிக்காரர் கேட்டார்கள், சொல்லவில்லை. கல்யாணம் முடித்துக் கனடா வந்தபின் கணவருக்கும் சொல்லவில்லை. அவர் இறந்து நாலு வருசமாகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் முகாமால் வந்த பிறகு அதிக நாள் இருக்கவில்லை. அந்த இரண்டு பெடியன்களும் சண்டையில் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அந்த இடம் தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பல வருசம் கழித்துச் சண்டை முடிந்து, வளவுக்குத் திரும்பிப் போக விட்டதும் தம்பி அங்கே வாழை வைத்தான். வாழைக்குக் குழி ஆழமில்லைத்தானே என்று அன்றைக்கு மனதைத் தேற்றினேன். மெசின் வந்து மலசலகூடத்துக்குக் கிண்டினால் தேற்றுவதற்கு ஒன்றுமில்லை. கலன்களுக்குள் துவக்கு மட்டும் இருக்கலாம். வெடிக்கிற சாமானும் இருக்கலாம்.

அந்தக் கிழமைதான் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் ஒருவர் மகளின் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். நாற்பது வயது மதிக்கலாம், நன்றாக உடுத்திய எங்கள் ஆள். வெளிநாட்டு அரசு ஒன்று எங்கள் பகுதியில் சமாதான வேலைகளுக்கு உதவி செய்கிறது என்று அதில் எழுதியிருந்தது. கண்ணிவெடி அகற்றுவது, மண்ணுக்குள் மிஞ்சிக் கிடக்கும் ஆயுதங்களை எடுத்து அழிப்பது, காணிகளைச் சனங்களுக்குத் திருப்பிக் கொடுப்பது. கனடா அல்ல, வேறொரு நாடு. புலம்பெயர்ந்தவர்களுக்குத் தெரிந்த இடங்கள் இருந்தால் வந்து சொல்லலாம். பெயர் கேட்க மாட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், நெடுஞ்சாலையில் வாகனங்கள் நெருக்கியடித்து நிற்கும்போது, மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இங்கே பிறந்தவள். மார்க்கம் நகரத்தில் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் வேலை செய்கிறாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, சீரியஸ்லி? அந்த ஸ்விங்குக்குக் கீழயா?"

"கொஞ்சம் தள்ளி."

"அப்ப ஏன் யோசிக்கிறீங்க? தே ஆர் எக்ஸ்பேர்ட்ஸ். சேஃப்பா எடுப்பாங்க. மாமாக்கு நீங்க தான் சொன்னது எண்டு தெரியவே வராது. இட்ஸ் கொன்பிடென்ஷல் அம்மா."

அவள் சொன்னதில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு குழந்தை ஊஞ்சல் ஆடுகிறது, கீழே ஆயுதம் கிடக்கிறது, எடுப்பதற்கு ஆள் இருக்கிறது. யாரிடம் கேட்டாலும் போ என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் மூன்று நாள் யோசித்தேன். நான் சொன்ன ஓம் ஒன்று இருந்ததே.

கூட்டம் மார்க்கத்தில் ஒரு ஹோட்டலின் சின்ன மண்டபத்தில், சனிக்கிழமை காலை நடந்தது. பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். வாசலில் பெயருக்குப் பதிலாக ஒரு இலக்கம் தந்து சட்டையில் ஒட்டச் சொன்னார்கள். எனக்கு ஏழு. சுவரோரமாகக் கோப்பியும், வட்டமாக வெட்டிய பழங்களும் வைத்திருந்தார்கள். பழத் தட்டைச் சுற்றிய பிளாஸ்டிக், என் கையாலேயே சுற்றுவது போன்ற ரகம். அதைப் பார்த்துக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அந்த நாட்டிலிருந்து வந்த பெண்மணிக்கு என் வயது இருக்கும். மெல்லிய குரல். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, கோயிலில் தாள் கொடுத்தவர் தமிழில் சொன்னார். துவக்கு மண்ணுக்குள் கிடக்கும் வரைக்கும் சமாதானம் மேற்பூச்சுத்தான் என்றார்கள். இதுவரைக்கும் எடுத்த இடங்களின் படங்களைத் திரையில் காட்டினார்கள். ஒரு பள்ளிக்கூட மைதானம், ஒரு வயல். மைதானத்தில் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் இலக்கம் ஒட்டியிருந்த மனிதர் கையை உயர்த்தினார். மன்னார்ப் பக்கத்தவர் என்று பேச்சில் தெரிந்தது. கழுத்தில் சின்னச் சிலுவை.

"நாங்கள் சொல்லுறதை நீங்கள் ஆருக்குக் குடுப்பியள்?"

பெண்மணி சொன்னதைத் தாள்காரர் மொழிபெயர்த்தார். "அங்க உரிய அதிகாரியளுக்கு, சட்டப்படி. கோட்டு உத்தரவு இல்லாமல் ஒருதரும் கிண்ட ஏலாது. ஆனா இடம் மட்டும் தான் போகும். ஆர் சொன்னது எண்டு போகாது."

"காணிக்காரன் அங்க தானே இருக்கிறான்? அவனுக்கு என்ன உத்தரவாதம்?"

அதற்கு நீண்ட பதில் வந்தது. கூட்டுப்பொறுப்பு, கண்காணிப்பு, நம்பிக்கை கட்டியெழுப்புதல் என்று பல சொற்கள் வந்தன. கேட்ட கேள்விக்குப் பதில் அதற்குள் எந்த இடத்தில் இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாம் இலக்கத்தார் முடியும் வரைக்கும் மரியாதையாகக் கேட்டார். பிறகு சட்டையிலிருந்த இலக்கத்தை உரித்து மேசையில் ஒட்டிவிட்டு எழுந்தார். என்னைத் தாண்டும்போது குனிந்து, "தங்கச்சி, யோசிச்சுக் கதையுங்கோ," என்றார். கதவு அவருக்குப் பின்னால் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

நான் எழுந்து போகவில்லை. போயிருக்கலாம். கார் வெளியில்தான் நின்றது, மகள் அதற்குள் இருந்தாள்.

ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார்கள். பெண்மணி வெள்ளைத் தாளும் பென்சிலும் தந்தார். வரையத் தெரியாது என்றேன். "தெரிஞ்ச மாதிரிக் கீறுங்கோ அன்ரி," என்றார் தாள்காரர். பென்சிலை வைத்ததும் கை தானாக ஓடியது. ஒழுங்கை, படலை, வீடு, அடுப்படி, கிணறு, பலா. கிணற்றிலிருந்து பலாவுக்கு எத்தனை எட்டு, அதில் எத்தனையாவது எட்டில் குழி என்பதெல்லாம் நினைவிருந்தது. எது எது என்று தெரிய, பக்கத்தில் எழுதினேன். ஊர், ஒழுங்கை, எத்தனை கலன், என்ன நிறம் என்றும் குறித்தேன். கீறி முடிக்கும்போது எனக்கு ஒருவிதச் சந்தோசமாகக்கூட இருந்தது. அதை மறைத்துச் சொல்வது சரியில்லை. பெண்மணி தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, என் கையை இரண்டு கையாலும் பிடித்து, இது ஒரு உயிரைக் காப்பாற்றும் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பொய்யாகக் கலங்கவில்லை.

அதன்பின் தம்பியிடம் மெசினைக் கொஞ்சம் பிந்திக் கூப்பிடச் சொன்னேன். மாசி நல்ல மாதம் என்று சாட்டுச் சொன்னேன். எனக்காக ஒத்துக்கொண்டான். ஐந்து கிழமை ஒன்றும் நடக்கவில்லை. ரொறன்ரோவில் பனி கொட்டியது. நான் வேலைக்குப் போனேன், குளிர் அறையில் நின்று ட்ரேக்களில் பாணையும் வெண்ணெயையும் வைத்தேன், வீட்டுக்கு வந்தேன்.

ஆறாவது ஞாயிறு தம்பி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கவில்லை. எடுத்ததும், "கொஞ்சம் பொறுங்கோ," என்று வெளியே நடந்தான். செருப்புச் சத்தம் கேட்டது.

"ரெண்டு பேர் வந்தவை அக்கா. சிவில் உடுப்பு. நல்ல மரியாதை. தேத்தண்ணி குடிச்சவை."

"என்ன கேட்டவை?"

"வீடு எப்ப கட்டுறன் எண்டு. பிள்ளையள் எந்தப் பள்ளிக்கூடம் எண்டு. உங்களைப் பற்றியும் கேட்டவை. கனடாவில எந்த இடம், என்ன வேலை எண்டு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைத்துவிட்டுத் தொலைபேசியைக் காதோடு அழுத்தினேன்.

"பிறகு வளவைச் சுத்திப் பாத்தவை. பலாவடியில கனநேரம் நிண்டவை. ஒருதர் ஒரு தாள் வைச்சிருந்தவர். கையால கீறின படம் ஒண்டின்ர போட்டோக்கொப்பி." அவன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "வடிவான எழுத்து அக்கா."

அவனுக்கு எழுதப் பழக்கியது நான். அங்கே மழையா என்று கேட்டேன். இல்லை, வெயில் என்றான்.

அன்று பகலே தாள்காரருக்கு எடுத்தேன். நானும் மகளும் அவரை ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தோம். அவர் பதறவில்லை.

"அன்ரி, இது நல்ல விசயம். வேலை தொடங்கீட்டுது எண்டு அர்த்தம். காணிக்காரரோட கதைக்காமல் கிண்ட ஏலாதுதானே?"

"என்னைப் பற்றி ஏன் கேட்டவை?"

"நாங்கள் பேர் குடுக்கேல்லை. சத்தியமாக் குடுக்கேல்லை. வேணுமெண்டால் என்ன அனுப்பினனாங்கள் எண்டு பாருங்கோ."

மடிக்கணினியைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். என் படம் வெளிச்சமாகத் தெரிந்தது. பெயர் இல்லை, இலக்கம்கூட இல்லை. மகள் குனிந்து பார்த்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா... இதில 'எங்கட கிணறு' எண்டு எழுதியிருக்கிறீங்க."

'எங்கட அடுப்படி' என்றும் எழுதியிருந்தேன். 'அப்பா வைச்ச பலா' என்றும்.

தாள்காரர் கணினியை மெல்ல மூடினார். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த வளவில் பிறந்து வெளிநாட்டில் இருப்பவள் ஒருத்திதான் என்று தெரிந்த எவருக்கும் 'எங்கட', 'அப்பா' என்ற அந்த இரண்டு சொல் போதும்.

பத்து நாள் கழித்து நீதிமன்ற உத்தரவோடு வந்தார்கள். அதைத் தம்பியின் மனைவி, என் மச்சாள், மூன்றாம் நாள் எடுத்துச் சொல்லித்தான் தெரியும். மஞ்சள் நாடா கட்டி ஒழுங்கைச் சனத்தை விலக்கினார்கள். வாழைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மெசினை இறக்கினார்கள். முதல் நாள் என் படத்தில் இருந்த இடத்தைக் கிண்டினார்கள். இரண்டாம் நாள் சுற்றிவரக் கிண்டினார்கள். பலாவின் வேர் அறுந்து மரம் ஒரு பக்கம் சாய்ந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் நேரே மச்சாளின் தாய் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ஒன்றும் இருக்கவில்லை. ஒரு கலன்கூட இல்லை.

இருந்திருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அளவு எடுத்துக் கீறிய படம், எத்தனை கலன், என்ன நிறம் என்று குறித்த படம், அதைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் குழியைப் பார்த்தால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? தம்பியை வாக்குமூலம் எடுக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவனுடைய தொலைபேசியையும் எடுத்துக்கொண்டார்கள்.

அவன் ஒன்பதாம் நாள்தான் வீட்டுக்கு வந்தான். அந்த ஒன்பது நாளும் நான் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். குளிர் அறையில் நின்றால் கையாவது அசையும். ஒருநாள் நூற்றுக்கு மேற்பட்ட ட்ரேக்களில் முள்ளுக்கரண்டி வைக்காமல் அனுப்பிவிட்டேன். மேற்பார்வை செய்பவர் என்னைக் கூப்பிட்டுத் திட்டத் தொடங்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, போய் இரு என்றார். மகள் தாள்காரருக்கு ஒவ்வொரு நாளும் எடுத்தாள். அந்தப் பெண்மணி அங்குள்ளவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார், மிகவும் கவலைப்படுகிறார் என்று பதில் வந்தது. கவலைப்பட்டது உண்மையாகத்தான் இருக்கும்.

தம்பி வந்த மறுநாள் காலை என் தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். ஒரு ஆண் குரல், நிதானமான, நல்ல தமிழ்.

"அக்கா, சுகமா இருக்கிறீங்களா?"

"ஆர் நீங்கள்?"

"தம்பியாரைத் தெரிஞ்ச ஒருவர். அவர் பத்திரமா வீட்ட வந்திட்டார், பயப்பட வேண்டாம். உங்களுக்கு நல்ல ஞாபகசக்தி அக்கா. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அளவு பிசகாமல் கீறியிருக்கிறீங்கள்." கொஞ்சம் நிறுத்தினார். "வேற ஏதாவது ஞாபகம் வந்தால் சொல்லுங்கோ. சின்ன விசயம் எண்டாலும் பரவாயில்லை. நான் இடைக்கிடை எடுக்கிறன்."

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

தம்பியோடு கதைக்க மச்சாளின் இலக்கத்துக்கு எடுத்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. அடுத்த ஞாயிறும் அப்படித்தான்.

இரண்டு மாதம் கழித்து மச்சாள் எடுத்தாள். சென்னையிலிருந்து. தாய்க்குக் கண் ஒப்பரேஷன் செய்ய வந்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று வேறொருவரின் தொலைபேசியில் பேசினாள். பின்னால் ஓட்டோக்கள் இரைந்தன.

"மச்சாள், இங்க இருந்து எண்டபடியால் சொல்லுறன். அந்தச் சாமான் அங்க இருந்தது உண்மை. நாங்கள் வளவுக்குத் திரும்பின முதல் மாரியிலயே இவர் கண்டிட்டார். வாழைக்குக் கிண்டேக்க மண்வெட்டி பட்டிருக்கு."

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"அப்ப பிள்ளையளும் இல்லை. எனக்குக்கூடச் சொல்லேல்லை. ஒருத்தரிட்டச் சொன்னாலும் பிரச்சினை, அதில விட்டாலும் பிரச்சினை எண்டு, மூண்டு விடியக்காலை, ஒவ்வொண்டா, சைக்கிள்ல விறகுக்குக் கீழ வைச்சுக் கட்டி, களப்புத் தண்ணியில கொண்டுபோய்த் தாட்டுப்போட்டார். பிறகு தான் அங்க வாழை வைச்சவர். ஊஞ்சல் கட்டினதும் அதால தான். அந்த வளவில பயமில்லாத இடம் அது ஒண்டுதான் எண்டு அவருக்குத் தெரியும்."

"அவன் இதை அவையளிட்டச் சொன்னவனோ?"

"எப்பிடிச் சொல்லுறது? சொன்னால் இவர் கையால தொட்டது எண்டு ஆகாதோ? ஒண்டும் தெரியாது எண்டு தான் ஒன்பது நாளும் சொன்னவர். என்ன செய்தவை எண்டு என்னட்டச் சொல்லேல்லை. நான் கேக்கவும் இல்லை. இப்ப வலது கையால கோப்பை பிடிக்க அவருக்கு ஏலாது."

எவ்வளவு காலமாக அங்கே எதுவுமே இருக்கவில்லை. அவன் தனியே போய் முடித்துவைத்ததை நான் இவ்வளவு தூரத்தில் இருந்து கிளறியிருக்கிறேன்.

"படம் கீறினது நான்தான் மச்சாள்," என்றேன்.

"தெரியும். அவருக்கு எழுத்தைக் கண்ட உடன தெரியும்." அவள் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. "பிள்ளையளுக்காகத் தான் செய்தனீங்கள் எண்டும் தெரியும். உங்களில கோபம் இல்லை எண்டு சொல்லச் சொன்னவர். ஆனா இனி எடுக்க வேண்டாமாம். அவையள் ஒவ்வொரு கோலையும் பற்றிக் கேக்கினம். ஒரு நாளைக்கு அவரே எடுப்பாராம்."

ஒவ்வொரு ஞாயிறும் தம்பி பொலிசுக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும் என்றாள். வீட்டுத் திட்டத்தில் இருந்து பெயரை எடுத்துவிட்டார்களாம். விசாரணை முடியும் வரைக்கும் வளவில் ஒரு கல் வைக்கக் கூடாதாம். மெசின் கிண்டிய பள்ளத்தையும் மூட விடவில்லை. அதற்குள் தண்ணீர் நிற்கிறது. பிள்ளைகள் விழுந்துவிடாமல் சுற்றிவர வேலி அடித்திருக்கிறான்.

தாள்காரர் வைகாசியில் எடுத்தார். அந்த வெளிநாட்டு அரசு தன் உதவியை இன்னும் சில வருசத்துக்கு நீட்டியிருக்கிறது, அடுத்த கூட்டம் ரெக்ஸ்டேலிலேயே வைக்கிறார்கள், எனக்குக் கிட்ட என்றார். எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில், வேறொருவர் சொன்ன இடத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குவியலே எடுத்தார்களாம். அது வெடித்திருந்தால் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். அது பொய்யில்லை என்று விசாரித்து அறிந்தேன். அதனால் அவரைத் திட்ட என்னால் முடியவில்லை. வரமாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"ஏன் அன்ரி?"

"என்னட்ட இனிச் சொல்ல ஒண்டும் இல்லை."

மற்றவர்கள் போனார்கள். கூட்டம் நடந்த சமூக நிலையத்தின் வாசலை, வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்து பார்த்தேன். என்னைப் போல ஒரு பெண் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். இறங்கிப் போய் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. எதைச் சொல்வது? அவளுக்குத் தெரிந்த இடத்தில் உண்மையாகவே ஏதாவது கிடக்கலாம். பஸ் எடுத்துவிட்டது.

அந்த நிதானமான குரல் சொன்னபடியே இடைக்கிடை எடுக்கிறது. மாதம் ஒருமுறை, சிலவேளை இரண்டுமுறை. காலநிலை கேட்கும், மகளின் வேலை எப்படி என்று கேட்கும். மகளைப் பற்றி நான் சொன்னதேயில்லை. இலக்கத்தை மாற்றச் சொல்லி மகள் சண்டை பிடிக்கிறாள்.

"பிளீஸ் அம்மா, ஜஸ்ட் சேஞ்ச் இட்! ஏன் இன்னும் ஆன்ஸர் பண்ணுறீங்க?"

தம்பி ஒரு நாளைக்கு எடுப்பான் என்று மச்சாள் சொன்னாளே. அவன் மனப்பாடமாக வைத்திருக்கும் இலக்கம் இது ஒன்றுதான். தொலைபேசியை அவர்கள் எடுத்தபின் அவன் வேறு எதில் எழுதி வைத்திருக்கப் போகிறான்? அதனால் தெரியாத இலக்கம் வந்தாலும் எடுக்கிறேன்.

போன செவ்வாய் காலை வேலைக்குச் சட்டையை மடிப்பு நீங்க மினுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது.

"அக்கா, சுகமா? ஒரு சின்ன விசயம். உங்கட வளவில இருந்து களப்புக்குப் போற பாதை ஞாபகம் இருக்கா?"

சூடான மினுக்கியை நிமிர்த்தி வைத்தேன். மச்சாள் பேசியது சென்னையில் இருந்து. இங்கே கேட்டது நான் ஒருத்தி. மகளுக்குக்கூட நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

"இல்லை," என்றேன். "ஞாபகம் இல்லை."

"யோசிச்சுப் பாருங்கோ. அவசரமில்லை," என்றார் அவர்.

மச்சாள் எடுத்த சென்னை இலக்கத்துக்கு எடுத்தேன். தொலைபேசிக்குச் சொந்தக்காரர் யாரோ ஆஸ்பத்திரிக் காவலாளி. அந்த அம்மா ஊருக்குப் போய்ப் பல மாதமாச்சு என்றார். மச்சாளின் இலக்கத்துக்கு எடுத்துத் தம்பியை எச்சரிக்கலாம். எடுத்தால் அந்த அழைப்பே அவனுக்கு இன்னொரு கேள்வியாகும். அயலூரில் ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கிறது, அவர்களிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தேன். தம்பி இந்த ஞாயிறும் கையெழுத்து வைக்கப் போனானாம், மத்தியானத்துக்கு முன் திரும்பி வந்துவிட்டானாம். களப்பில் இரண்டு வள்ளங்கள் நிற்கின்றன, யாரோ தண்ணீருக்குள் கம்பு விட்டுப் பார்க்கிறார்கள், மீன் பிடிக்கிறவர்கள் போலவும் இல்லை என்றார்கள்.

இதை எழுதும் இன்று வரைக்கும் அவர்கள் எதையும் எடுத்ததாகத் தெரியவில்லை. அங்கே மழை தொடங்கிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். களப்பு நிரம்பும், கம்பு அடிக்கு எட்டாது. நிரம்பட்டும் என்று இருக்கிறேன்.